பசி மறந்த மண்

புதைத்து ஏழு வருடம் ஆகியும் குழிக்காரரின் மனைவியிடம் எந்த மாற்றமும் இல்லை. சொல்லப்போனால், உயிரோடு இருந்த கடைசி வருடத்தைவிட ஆள் கொஞ்சம் தெளிவாகவே இருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை, அவள் இறந்த தேதியில், குழிக்காரர் காலையிலேயே குளித்துத் தலைவாரிக்கொண்டு இடுகாட்டுக்குப் போவார். மண்ணை ஒதுக்கி, பெட்டியின் மூடியைத் தூக்கி, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து வீட்டுச் செய்திகளைச் சொல்வார். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுவது, மகளுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவர் என்பது, வெங்காயம் விற்கிற விலை. அவள் நெற்றியில் ஒரு சுருக்கம் கூடியிருக்காது. உடுத்தியிருந்த நீலத்துணியின் மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. மூடியை மூடிவிட்டு, வந்த வழியே திரும்பி வேலையைப் பார்ப்பார். மனைவியை இழந்தவர் என்று அவர் தன்னை ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் கொஞ்சம் அதிகமாகத் தூங்குகிறாள், அவ்வளவுதான் அவருக்கிருந்த குறை.

இது ஆரம்பித்த விதம் இப்படி. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவருக்குக் குழி வெட்டுவதுதான் வேலை. மண்ணுக்கடியில் என்ன நடக்கும், எது முதலில் வரும், எது கடைசியில் போகும் என்பதெல்லாம், அடுப்பில் இருப்பது வெந்துவிட்டதா என்று சமையல்காரருக்கு வாசனையில் தெரிவதுபோல அவருக்குத் தெரியும். ஊரார் உடம்பென்றால் அது தொழில். அதைப் பற்றி அவர் யோசித்ததில்லை, சாப்பாட்டு நேரத்தில்கூட. ஆனால் மனைவிக்கு வெட்டிய குழிக்குள் நின்றபோது, பக்கச் சுவரிலிருந்து கொழுத்த மண்புழு ஒன்று தலையை நீட்டி, சாப்பாடு தயாரா என்று எட்டிப் பார்க்கிற விருந்தாளி மாதிரி இடமும் வலமும் பார்த்தது. குழிக்காரர் குழியிலிருந்து தாவி ஏறினார். கொட்டகைக்கு ஓடினார். பலகைகளைக் கரையான் அரிக்காமலிருக்கப் பூசுகிற மருந்து ஒரு டின் இருந்தது. அதை வாளியில் கரைத்து, குழியின் நாலு மூலையிலும், பெட்டி இறங்கியபின் அதன் மேலும் ஊற்றினார். வந்திருந்த எல்லோருக்கும் நெடி தாங்காமல் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இப்படி ஊரே அழுது பார்த்ததில்லை, மகராசி கொடுத்துவைத்தவள் என்று பேசிக்கொண்டே போனார்கள்.

முதல் வருடம் மூடியைத் திறந்து பார்த்த சந்தோஷத்தை அவரால் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியவில்லை. கண்ணாடிக்கடைக்காரரிடம் சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர்தான் இடுகாட்டுக் கமிட்டிக்குத் தலைவர். அந்தச் சமயம் அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். அம்மா போனதும் மருந்து டின்னையும், பெட்டிக்குக் கண்ணாடியில் ஒரு மூடியையும் தலைவரே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதன்பிறகு அது ஊர் வழக்கமானது. குழியில் ஆளுக்கொரு பிடி மண் போடுவதற்கு முன்னால் ஆளுக்கொரு குவளை மருந்து ஊற்றுவார்கள். மூத்த பிள்ளை முதலில், பிறகு இளையவர்கள், பிறகு மருமக்கள். யாருக்கு முந்தி யார் என்ற சண்டையும் முறைப்படி நடக்கும். ஏற்கெனவே புதைக்கப்பட்டவர்களின் வீட்டார், எங்கள் ஆட்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள் என்று வந்து, மிச்சமிருக்கிற எலும்புக்காவது ஆகட்டும் என்று ஊற்றிவிட்டுப் போனார்கள். புல் பூண்டு முளைக்காத, எறும்பு ஊராத, கூடத்தைப் போலச் சுத்தமான இடுகாடு அது. விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு வந்து, மண்ணை ஒதுக்கி, கண்ணாடி வழியாகப் பிள்ளைகளுக்குத் தாத்தாவைக் காட்டினார்கள். ஊரில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் பிரியத்தில்தான் ஊற்றினார்கள்.

ஒருத்தி மட்டும் குவளையைக் கையில் வாங்கவில்லை. இடுகாட்டுச் சுவருக்குப் பின்னால் கோழி வளர்க்கிற கோழிக்காரம்மா. புருஷனின் குழிக்கு முன்னால் நின்றுகொண்டு, "முப்பது வருஷம் என்னைத் தின்னாரு. இப்ப அவரை யாராச்சும் தின்னட்டும்" என்று சொல்லிவிட்டாள். கமிட்டி அங்கேயே கூடிப் பேசி, மருந்து ஊற்றாத ஆளைச் சுத்தமான இடத்தில் வைக்க முடியாது என்று முடிவெடுத்து, சுவருக்கு வெளியே, அவளுடைய கோழிக்கூண்டை ஒட்டிய மண்ணில் புதைக்கச் சொன்னது. அவளுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. குப்பை கொட்ட வசதியாகப் போயிற்று என்றாள்.

இடுகாடு இருந்தது மேட்டில். ஊரின் காய்கறித் தோட்டங்கள் எல்லாம் அதற்குக் கீழே சரிவில். மழைத்தண்ணீர் இறங்கிய வழியில் மருந்தும் இறங்கியது. தோட்டக்காரர்கள் கவலைப்படவில்லை. களையெடுக்கிற வேலை மிச்சம் என்று அவர்களும் டின் டின்னாக வாங்கி ஊற்ற ஆரம்பித்தார்கள். முதலில் காணாமல் போனது மழை வாசனை. தூறல் விழுந்ததும் மண்ணிலிருந்து கிளம்புகிற அந்த வாசனை, ஒரு கோடையின் முதல் மழையில் வரவில்லை. இப்போதெல்லாம் மழையே தரமில்லாமல்தான் வருகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அடுத்துப் போனவை மண்புழுக்கள். ஈரமான ஒரு காலையில், சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வரிசைகட்டி, சின்னவை நடுவிலும் பெரியவை வெளிப்பக்கமுமாக, மேட்டை நோக்கி நகர்ந்தன. அந்த வழியாக முதல் பஸ்ஸை ஓட்டிவந்தவர் குழிக்காரரின் மருமகன்தான். அவர் வண்டியை நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டு, முன்னால் ஊர்வலம் போகிறது, கொஞ்சம் தாமதமாகும் என்றார். யாரும் இறங்கிப் பார்க்கவில்லை; வேலைக்கு நேரமாகிறது என்றுதான் கோபப்பட்டார்கள். புழுக்கள் மேடேறி, இடுகாட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய், கோழிக்காரம்மாவின் புருஷன் படுத்திருந்த மண்ணுக்குள் இறங்கின. அவளுடைய கோழிகள் தின்று தின்று, சாயங்காலத்துக்குள் கொத்தச் சலித்துப்போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டன.

கெடுவது நின்ற ஊரில் அதற்குப் பிறகு புண் ஆறுவதும் நின்றது. தோட்டங்களில் காய் பெரிதாக, பளபளப்பாகத்தான் காய்த்தது. மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் அழுகாது. தின்றவர் வயிற்றிலும் கல் மாதிரி அப்படியே கிடக்கும். ஆனால் யாருக்கு எங்கே வெட்டுப்பட்டாலும் வெட்டு வெட்டாகவே நின்றது. ரத்தம் நின்றுவிடும், வலியும் போய்விடும், தோல் மட்டும் சேராது. தையல்காரரின் விரல்நுனிகளில் ஊசி ஏறிய துளைகள் சல்லடையாகத் திறந்திருந்தன. குழிக்காரரின் உள்ளங்கையில் மண்வெட்டிப் பிடி கிழித்த கோடு ஒன்று. கண்ணாடிக்கடைக்காரரின் தாடையில் சவரக்கத்தி பட்ட கீறல், சிரித்தால் தானும் சேர்ந்து சிரித்தது. அதனால் அவர் சிரிப்பதையே விட்டுவிட்டார். பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதல்ல பிரச்சினை. திறந்த புண் வழியாக உடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருந்தது. சின்னக் கீறல் என்றால் கோடையிலும் கம்பளிச் சட்டை போட்டுச் சமாளிக்கலாம். பெரிய வெட்டு என்றால் ஆள் நாளுக்கு நாள் குளிர்ந்து, ஏதோ ஒரு மத்தியானத்தில், நல்ல வெயிலில், மொத்தமாகச் சில்லிட்டுப்போவார். அப்படிப் போனவர்களுக்கும் குவளை குவளையாக ஊற்றி, பத்திரமாக உள்ளே வைத்தார்கள். குழிக்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தைத்துத் தைத்து அனுப்பினாள். நூல் இருக்கும்வரை ஆள் இருப்பார்.

அந்த வருடம்தான் குழிக்காரரின் மகளுக்குப் பிரசவம். அவருக்கு அவள் ஒரே பிள்ளை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க முடியும் என்று டாக்டரம்மா சொன்னபோது, அதற்கு என்ன அர்த்தம் என்று அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். மகளும் தெரிந்தேதான் தலையாட்டினாள். பெண் குழந்தை பிறந்தது. அதன் தொப்புள்கொடி காயவில்லை, கறுக்கவில்லை, விழவில்லை. பிறந்த நேரத்து ஈரத்தோடு, அவசரத்தில் யாரோ முடிச்சுப் போட்டுவிட்டுப் போன பைபோல நின்றது. மகளின் வயிற்றில் தையல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. இரண்டு இடத்திலிருந்தும் சூடு போய்க்கொண்டிருந்தது. மருமகன் பஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு, பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி மனைவியைச் சுற்றி அடுக்கினார். அடுத்த பாட்டிலை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் முந்தின பாட்டில் பச்சைத்தண்ணீர் ஆகியிருக்கும். குழந்தையை அவள் பக்கத்தில் போட முடியவில்லை, அதன் உதடு நீலம் பாரித்தது. பாலே குளிர்ந்துதான் வந்தது. கிண்ணத்தில் பிடித்து, அடுப்பில் காட்டிச் சூடாக்கிப் புகட்டினார்கள்.

பிள்ளை பார்க்க வந்த கோழிக்காரம்மா ஒரு கூடை முட்டை கொண்டுவந்தாள். கூடையை வாங்கிய குழிக்காரர் அவள் முழங்கையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். சேவல் பிறாண்டிய இடத்தில் பழுப்பாக, தடிப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அது என்ன என்று கேட்டார்.

"பொருக்குய்யா. புண்ணு ஆறுனா வருமே," என்றாள். "மறந்தே போயிட்டியா?"

மறந்துதான் போயிருந்தார். அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். புருஷன்மேல் முளைக்கிற கீரையும் முள்ளங்கியும்தான், கடைக்கு இறங்கி ஏற யாருக்குக் கால் இருக்கிறது என்றாள். அன்றைக்கே ஒரு கட்டு வாங்கிவந்து மகளுக்குக் கொடுத்தார். சாயங்காலம் வெந்நீர் பாட்டில் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கியது. மறுநாளும் தாங்கியது. ஆனால் கோழிக்காரம்மாவின் புருஷன் அப்படியொன்றும் பெரிய ஆகிருதி இல்லை. அவர்மேல் இருந்த கீரை சீக்கிரமே தீர்ந்துபோனது. குழிக்காரர் அங்கிருந்து மண்ணைப் புழுவோடு கூடையில் அள்ளிவந்து இடுகாட்டுக்குள் பரப்பினார். காலையில் பார்த்தால் புழுக்கள் சுவரேறித் திரும்பியிருந்தன. சிலது ரொம்பக் கோபமாக வந்தன என்று கோழிக்காரம்மா சொன்னாள்.

குழிக்காரர் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தொழிலுக்கு வந்த காலத்தில், புதைத்த இடம் முதலில் மேடாக இருக்கும், போகப் போகத் தணியும், ஒருநாள் பள்ளமாகும். அந்தப் பள்ளங்களை மண் போட்டு நிரப்புவது தனி வேலை. அந்த வேலையைக் கடைசியாக எப்போது செய்தோம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. இடுகாடு முழுக்க மேடுகள் மேடாகவே நின்றன. உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தது. மண்ணுக்கு ஒரு வாய் கிடைக்கவில்லை. என்ன செய்யவேண்டும் என்பது அவருக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ஆனால் புரியாத மாதிரி நடந்துகொள்வதில் மனிதர் கெட்டிக்காரர்.

நேராகக் கண்ணாடிக்கடைக்குப் போனார். உங்கள் அம்மா நல்ல உயரம், நல்ல வாளிப்பு, சுவருக்கு அந்தப் பக்கம் மாற்றி வைத்தால் ஊருக்கே விமோசனம் என்று, சம்பந்தம் பேசுகிறவர் மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னார். தலைவர் தாடையைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"எங்கம்மாவப் புழுவுக்குப் போடச் சொல்றே," என்றார். "உன் வீட்டுக்காரம்மாவ என்ன, வெள்ளியிலயா செஞ்சு வச்சிருக்கே?"

குழிக்காரர் கடைப்படி இறங்கினார். அடுத்து, தையல்காரரிடம் போய் அவருடைய மாமனாரைக் கேட்டார். மாமனார் என்றால் அவ்வளவு ஒட்டுதல் இருக்காது என்று ஒரு நினைப்பு. தையல்காரரின் மனைவி துடைப்பத்தோடு வெளியே வந்தாள். இப்படி வீடு வீடாக, அடுத்தவர் வீட்டுச் செத்தவர்களைத் தானம் கேட்டு அவர் அலைந்துகொண்டிருந்தபோது, தன் வீட்டில் மகள் குளிர்ந்துகொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் அவள் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள். தலைமாட்டில் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் மெல்லிசாக ஐஸ் படிந்திருந்தது.

"அப்பா, அம்மா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காம்மா."

"முகமெல்லாம்?"

"அப்படியே இருக்கு."

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பிறகு, "என்னையும் அப்படியே வச்சுக்குவீங்கல்ல?" என்றாள்.

குத்திக்காட்டினாளா, நிஜமாகவே ஆறுதலுக்குக் கேட்டாளா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. எழுந்து வெளியே போய், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மருமகனை வரச்சொல்லி நடந்தார். மாமா, யோசித்துத்தான் செய்கிறீர்களா என்று மருமகன் வழியில் ஒருமுறை கேட்டார். யோசித்தால் செய்யமாட்டேன் மாப்பிள்ளை, வேகமாக வாங்க என்றார் குழிக்காரர்.

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு மனைவியை மட்டும் தூக்கினார்கள். உயிரோடு இருந்தபோது இருந்த கனம் அப்படியே இருந்தது. குழிக்காரருக்குத்தான் ஏழு வயது கூடியிருந்தது, நடுவில் இரண்டு இடத்தில் நிற்கவேண்டியிருந்தது. மருந்து அவள் தோலெல்லாம் ஏறியிருந்ததால், கோழிக்காரம்மாவின் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு, திரும்பத் திரும்பக் குளிப்பாட்டினார். தலைமுடியை அலசும்போது கண்ணில் நுரை போகாமல் நெற்றிமேல் கையை வைத்துக்கொண்டார். மருமகன் திரும்பி நின்றுகொண்டார். வாளி கொடுத்த கோழிக்காரம்மாவுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் சங்கடம்.

"அந்த ஆளு பக்கத்துலயா படுக்கவைக்கப் போறே? தூக்கத்துல காலைத் தூக்கி மேல போடுவாருய்யா. பாவம் உன் பொண்டாட்டி."

அவர்தான் இப்போது மிச்சமே இல்லையே அம்மா என்று மருமகன் சொன்னார். அவள் யோசித்துப் பார்த்தாள்.

"அதுவும் சரிதான். இப்பதான் மனுஷன் கொஞ்சம் உருப்படியா இருக்காரு."

மூடி இல்லை, குவளை இல்லை. கால் பக்கத்திலிருந்து மண் போட்டுக்கொண்டே வந்த குழிக்காரர், முகத்துக்குப் போடவேண்டிய அந்தக் கடைசிப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். போட்டதும் அடியில் சத்தம் ஆரம்பித்தது. ஆயுள் முழுக்க அந்த வேலையில் இருந்தவர் அதுவரை அதைக் காதுகொடுத்துக் கேட்டதில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். எழுந்து போகவும் முடியவில்லை. கடைசியில் கையை எடுத்துவிட்டுக் கேட்டார். பக்கத்து அறையில் யாரோ துணி மடித்து அடுக்குகிற மாதிரி இருந்தது. வெளிச்சம் போகும்வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடு தணியத் தொடங்கியது. தூவிய கீரை, கோழிகள் மிச்சம் வைத்த இடத்திலெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டது. யார்மேல் முளைத்தது என்று மகளிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே கீரை என்றால் தட்டைத் தள்ளிவிடுகிறவள், கண்ணை மூடிக்கொண்டு தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அங்கே மண் இறங்க இறங்க இங்கே அவளுக்குச் சூடு ஏறியது. முதலில் போர்வையை உதைத்துத் தள்ளினாள்; பிறகு, இந்த வெயிலில் யார் இத்தனை பாட்டிலை வைத்தது என்று புருஷனைத் திட்டினாள். தையலோரமாகப் பொருக்குக் கட்டியபோது, அதைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வரிசையில் வந்தார்கள். தொட்டுப் பார்க்கலாமா என்று சிலர் கேட்டார்கள்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. தையல்காரர் அந்த மாதமே குளிர்ந்துபோனார். பத்து விரலிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போன சூடு. குழிக்கரையில் அவர் மனைவி குவளையைக் கையில் வாங்கி, ஊற்றாமல், குழிக்காரரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். சொல்வதற்கு வாய் வரை வந்தது. அவள் ஊற்றிவிட்டாள். அவளைத் தப்பு சொல்ல அந்த ஊரில் யாருக்கு வாய் இருக்கிறது? இன்றைக்கும் அங்கே பாதி வீடுகளில் செத்தவர்கள் செழிப்பாகவும் இருப்பவர்கள் கம்பளியோடும்தான் இருக்கிறார்கள்.

ஒரு சாயங்காலம் குழிக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் போனபோது மேடு இல்லை. மண் உள்வாங்கி, ஒரு ஆள் படுத்த அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அதில் காலை வைத்துப் பார்த்தார்; மெத்தென்று இறங்கியது. அடியில் சத்தமும் இல்லை. வீட்டுக்கு வந்தார், செருப்பைக் கழற்றினார், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். மறுநாள் விடிந்தபின்தான் அழுகை வந்தது. வந்த அழுகை தெருக்கோடி வரை கேட்டது.

அழுகைச் சத்தம் கேட்டால் செய்யவேண்டியதை அக்கம்பக்கத்தார் செய்தார்கள். வாசலில் நாற்காலிகள் போட்டார்கள். அந்த வீட்டு அடுப்பைப் பற்றவைக்க விடாமல் காப்பியும் சாப்பாடும் கொண்டுவந்தார்கள். கோழிக்காரம்மா வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தையல்காரரின் மனைவி வந்தாள். மருமகன் ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டு உட்காரவைத்தார். நடுவில் உள்ளே குழந்தைக்குத் துணி மாற்றப் போன மகள், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தானே நடந்து வெளியே வந்து, இன்னொரு கையை அப்பா முன்னால் விரித்தாள். கறுத்து, சுருங்கி, ஒரு காய்ந்த மிளகாய்க் காம்பு அளவுக்குத் தொப்புள்கொடி. குழிக்காரர் அதைப் பார்த்தார். தலையாட்டினார். அழுகையை நிறுத்தவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் கடைசியாக வந்தார். தாடையில் புதுப் பஞ்சு ஒட்டியிருந்தது. எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, குழிக்காரரிடம் குனிந்து, எப்போது என்று கேட்டார்.

"நேத்து," என்றார் குழிக்காரர்.

தலைவர் தலையசைத்தார். பிறகு காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.